மோட்டார் சைக்கிளும் பழுது பார்க்கப்படும்

அந்தப் பலகையை எழுதியவன் நான்தான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அந்தக் காலத்தில் பூந்தமல்லியில் தொங்கிய கடைப் பலகைகளில் பாதிக்கு மேல் எத்திராஜாகிய நான் எழுதியவை. எழுத்து கோணல் என்று சொன்னவன் எவனும் என்னிடமிருந்து பலகையை முழுசாக வாங்கிக்கொண்டு போனதில்லை. எனக்குக் கோபம் அப்படி வரும். இருக்கட்டும், இது என் கதை இல்லை. வேம்புலியின் கதை.

வேம்புலி ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றாம் வருஷம் பெரிய ரோட்டோரம் புளியமரத்துக்குப் பக்கத்தில் சைக்கிள் கடை போட்டான். ஆள் வாசற்படியில் குனிந்துதான் நுழைய வேண்டும், அவ்வளவு உயரம். தோள் அகலத்துக்குச் சட்டை தைக்கத் தையல்காரர் தனியாகத் துணி கேட்பார். சிரித்தால் சத்தம் சந்தை வரைக்கும் போகும். கடையில் மொத்தம் நாலு வாடகைச் சைக்கிள். ஒன்றுக்கு மணி கிடையாது, ஒன்றுக்குப் பின் பிரேக் கிடையாது, மூன்றாவதற்கு இரண்டும் கிடையாது. நாலாவதை அவன் யாருக்கும் கொடுக்க மாட்டான், அது நல்ல சைக்கிளாம்.

பழைய கதவுப் பலகை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, "அண்ணாத்தே, கடைக்கி ஒரு போர்டு எழுதிக் குடு" என்றான். "வேம்புலி சைக்கிள் கடை, வாடகைக்கும் கிடைக்கும், ரிப்பேரும் செய்யப்படும்" என்று பச்சையில் எழுதி முடித்தேன். கீழே ஒரு முழம் காலியாகக் கிடந்தது. காலி இடத்தைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. இதற்கு முன்னால் எங்கே வேலை பார்த்தாய் என்று கேட்டேன்.

"மவுண்ட் ரோட்டுல ஒரு மோட்டார் கம்பெனில மூணு வருசம் இருந்தேன்."

அவன் சொன்னது அவ்வளவுதான். நான் சிவப்பு மையைத் தொட்டு, "மோட்டார் சைக்கிளும் பழுது பார்க்கப்படும்" என்று கொட்டை எழுத்தில் எழுதிவிட்டேன். அவன் அதைப் பார்த்தான், தலையைச் சொறிந்தான், சிரித்தான், பலகையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். வேம்புலியின் குணமே அதுதான். வாயைத் திறந்து பொய் சொல்ல மாட்டான். ஆனால் நாம் ஒன்றைத் தப்பாகப் புரிந்துகொண்டு சந்தோஷப்பட்டால் அதைக் கெடுக்கவும் மாட்டான்.

ஒரு மாதம் கழித்து என் வீட்டுக்கு வந்தான். முகத்தில் சிரிப்பு இல்லை.

"அண்ணாத்தே, அந்தக் கடைசி வரிய அழிச்சிடு. எனக்கு மோட்டார் ரிப்பேர் தெரியாது."

"பின்னே கம்பெனியில் மூன்று வருஷம் என்ன செய்தாய்?"

"இருந்தேன்" என்றான் மறுபடியும்.

அழித்துவிடலாம் என்று பிரஷை எடுத்துக்கொண்டு போனேன். கடை வாசலில் குத்தம்பாக்கத்துக்காரர் நாகப்பன் நின்றுகொண்டிருந்தார். சந்தைக்குக் காய்கறி கொண்டுவருகிற விவசாயி. கையில் வெற்றிலைத் தட்டு. படிக்கத் தெரிந்த ஒருவரைப் பிடித்துப் பலகையை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். மோட்டார் மெக்கானிக் மாப்பிள்ளை வேண்டும் என்று அவர் கனவுகூடக் கண்டதில்லை, ஆனால் பலகையைக் கேட்டவுடன் வேறு மாப்பிள்ளை வேண்டாம் என்று தீர்மானம் பண்ணிவிட்டார். வேம்புலி தட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். முந்தின வாரம் நாகப்பன் மகள் வடிவு கீரைக் கட்டோடு சந்தைக்கு வந்தபோது அவளையும் அவன் பார்த்திருந்தான். பிரஷைப் பின்னால் மறைத்துக்கொள் என்று எனக்குக் கண்ணைக் காட்டினான்.

கல்யாணம் நடந்தது. வடிவு வந்தாள். கடைக்குப் பின்னாலேயே வீடு. பிள்ளை ஒன்றும் பிறந்தது. நாகப்பன் குத்தம்பாக்கம், திருமழிசை, வெள்ளவேடு என்று போகிற ஊரிலெல்லாம் மாப்பிள்ளை பெருமையைப் பேசிக்கொண்டிருந்தார். வேம்புலி மட்டும் பயந்துகொண்டிருந்தான். வடிவு தன்னைப் பெரிய மெக்கானிக் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள், உண்மை தெரிந்தால் அவள் முகம் எப்படி மாறும், அதைத் தன்னால் பார்க்க முடியாது. இதை அவனே என்னிடம் சொல்லியிருக்கிறான், கண் கலங்கிப்போய்.

நல்ல வேளையாக அந்த நாளில் எங்கள் பக்கம் மோட்டார் சைக்கிள் வருவது அபூர்வம். மாதம் ஒன்று வந்தால் அதிகம். வருகிறதும் நிற்காமல் போய்விடும். தூரத்தில் படபட என்று சத்தம் கேட்டால் போதும், வேம்புலிக்குக் கொல்லைப் பக்கம் ஏதாவது வேலை வந்துவிடும். சத்தம் தேய்ந்த பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வருவான். இப்படியே ஆறு வருஷம் ஓட்டினான்.

முப்பத்தேழாம் வருஷம் சித்திரை மாதம், சந்தை நாள். காலை பதினொரு மணி இருக்கும். வேம்புலி ஒரு சைக்கிள் சக்கரத்தைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் அவன் கடை ஓரமாக ஒரு ஜவுளிக் கடைப் பலகைக்கு மை காயவைத்துக்கொண்டிருந்தேன். காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து படபட சத்தம் வந்தது. வேம்புலி வழக்கம்போல எழுந்தான். ஆனால் இந்தச் சத்தம் தேயவில்லை. கடைக்குப் பக்கத்துப் புளியமர நிழலுக்கு வந்து நின்றுவிட்டது.

வண்டியில் வந்தவர் பெயர் ஜோசப்ராஜ். வாலாஜாபாத் பக்கம் மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். வெள்ளைக் கால்சட்டை, தலையில் தொப்பி, முகமெல்லாம் புழுதி. தாகத்துக்கு மோர் குடிக்க இறங்கியிருக்கிறார். ஸ்டாண்டு போட்டால் மண்ணில் புதைந்தது. அதனால் வண்டியைப் புளியமரத்தடிச் சுமைதாங்கிக் கல்லில் சாய்த்து நிறுத்தினார். பின்னால் கட்டியிருந்த தகரப் பெட்டியை அவிழ்த்துச் சுமைதாங்கியின் மேல் கல்லில் வைத்தார். அதன்மேல் கோட்டைக் கழற்றிப் போட்டார். எதிர்ப்பக்கம் மோர்ப் பந்தலுக்குப் போனார்.

இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் மை காயவில்லை என்ற கவலையில் இருந்துவிட்டேன்.

சுமைதாங்கி என்பது இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைப் படுக்கவைத்தது, ஆள் தோள் உயரத்துக்கு. தலைச்சுமையோடு வருகிறவர்கள் யாரையும் கூப்பிடாமல் சுமையை அதன் மேல் தள்ளிவிட்டு இளைப்பாறலாம். தலையில் பெரிய கூடை இருந்தால் கண்ணுக்குத் தெரிவது காலடி மண் மட்டும்தான். அதனால் சுமைதாங்கியை யாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு இறக்குவதில்லை. நிழல் தெரியும், கல்லின் கால் தெரியும், ஒரு தள்ளு. அதன் மேல் கல் எப்போதும் காலியாக இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். வாலாஜாபாத் வாத்தியாருக்கு மட்டும் தெரியவில்லை போலிருக்கிறது.

குத்தம்பாக்கத்திலிருந்து அங்கம்மா ஒரு கூடைக் கத்திரிக்காயைச் சுமந்துகொண்டு வந்தாள். ஐம்பது வயசு, ஐந்து மைல் நடை. கல்லின் காலைப் பார்த்தாள், மூச்சை இழுத்தாள், கூடையைத் தள்ளினாள். கூடை பெட்டியை இடித்தது. பெட்டி கோட்டோடு அந்தப் பக்கம் சரிந்து மோட்டார் சைக்கிளின் கைப்பிடி மேல் விழுந்தது. வண்டி கொஞ்சம் யோசித்தது. பிறகு மடார் என்று பக்கவாட்டில் படுத்துவிட்டது. அதன் மேல் கத்திரிக்காய் பொலபொலவென்று கொட்டியது.

ஜோசப்ராஜ் மோர்க் குவளையோடு ஓடி வந்தார். "ஐயோ, என்னம்மா இப்படிச் செஞ்சிட்டீங்க! கண்ணு தெரியலையா?"

அங்கம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "இன்னா தொரே சொல்றே? தலயில கூடய வெச்சிகினு வர்றவளுக்குக் கண்ணு எங்க கீது? சுமதாங்கி மேல பொட்டிய வெக்கறவன உலகத்துல எங்கனா பாத்துகீறியா? இது இன்னா உன் ஊட்டு அலமாரியா?"

"நான் துரை இல்லைம்மா. வாத்தியார்."

"வாத்தியாரா! அப்ப இன்னும் மோசம். புள்ளைங்களுக்கு இன்னாத்த சொல்லிக் குடுக்கிறே?"

சந்தைக் கூட்டம் கூடிவிட்டது. தீர்ப்பு சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. சுமைதாங்கியில் சுமையைத் தவிர வேறு எதையும் வைத்தது தப்பு, வண்டியைச் சாய்த்தது அதைவிடத் தப்பு, அங்கம்மா மேல் குற்றமே கிடையாது. ஜோசப்ராஜ் நல்ல மனுஷர். கூட்டத்தை ஒரு தடவை பார்த்தார், கல்லை ஒரு தடவை பார்த்தார், "தப்புத்தாங்க" என்று சொல்லிவிட்டுக் குனிந்து கத்திரிக்காய் பொறுக்க ஆரம்பித்தார். அங்கம்மாவுக்கு மனசு இளகிவிட்டது. அவளும் பொறுக்கிக்கொண்டே அவர் கதையைக் கேட்டாள்.

அவருடைய தங்கைக்கு ஆவடியில் குழந்தை பிறந்திருக்கிறது. அன்று நாலு மணிக்குக் கோயிலில் ஞானஸ்நானம். இவர்தான் ஞானத்தகப்பன், குழந்தையைக் கையில் ஏந்தி நிற்க வேண்டியவர். குழந்தைக்கு உடுத்த வேண்டிய வெள்ளை அங்கி பெட்டியில் இருக்கிறது. வண்டி அவருடையது இல்லை, அவர்கள் பங்குச் சாமியாருடையது. ஒரு நாளைக்கு என்று நம்பிக் கொடுத்திருக்கிறார். அதை நடுரோட்டில் போட்டுவிட்டுப் போகவும் முடியாது, அதற்காக நின்றால் நாலு மணிக்குப் போகவும் முடியாது.

"இப்ப நான் என்ன செய்யறது?" என்று சொல்லிக்கொண்டே நிமிர்ந்தவர் கண்ணில் என் சிவப்பு எழுத்து பட்டது. நான் எழுதினால் எழுத்து அரை மைலுக்குத் தெரியும், அதில் எனக்குப் பெருமை. அன்றைக்கு மட்டும் அதன்மேல் ஒரு சாக்கைப் போட்டு மூடலாமா என்று இருந்தது.

"மோட்டார் சைக்கிளும் பழுது பார்க்கப்படும்!" என்று அவர் சத்தமாகப் படித்தார். "கடவுள் இருக்காரு!"

வேம்புலி கொல்லைக்குப் போகிற வழியில் பாதியில் நின்றிருந்தான். இன்னும் இரண்டு எட்டு வைத்திருந்தால் தப்பித்திருப்பான். ஆனால் அதே நேரத்தில் கூட்டத்தைப் பிளந்துகொண்டு மாமனார் நாகப்பன் வந்துவிட்டார். மகளைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று சந்தையிலிருந்து வந்தவர், மோட்டார் சைக்கிளையும் மாப்பிள்ளையையும் ஒன்றாகப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டார்.

"வந்துச்சா! மாப்ளே, வா வா! ஆறு வருசமா ஊரெல்லாம் சொல்லிகினு கீறேன், ஒரு நாளுகூட நான் கண்ணால பாத்ததில்ல. எல்லாரும் தள்ளி நில்லுங்கப்பா. வெளிச்சம் வரட்டும்."

ஒரு சோடாப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டார். பாதிச் சந்தை அவர் பின்னால் நின்றது.

வேம்புலி முதலில் நழுவப் பார்த்தான். "சார், என் நல்ல சைக்கிள எடுத்துகினு போங்க. ஆவடி அஞ்சு மைலுதான். இந்த வண்டிய நான் பத்திரமா வெச்சிருக்கேன்" என்றான். அவன் அந்த நாலாவது சைக்கிளைக் கொடுக்கிறேன் என்றதும் அவன் எந்த நிலைமையில் இருக்கிறான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் ஜோசப்ராஜ் சாமியாரின் வண்டியை விட்டு நகரமாட்டேன் என்றார். நாகப்பனோ, "சைக்கிள் எதுக்கு? நீ கைய வெச்சா அர மணி நேரத்து வேல" என்றார்.

வேம்புலி வண்டியைத் தூக்கி நிறுத்தினான். அதை ஒற்றை ஆளாகத் தூக்கியதற்கே கூட்டம் வாய் பிளந்தது. சுற்றி வந்து பார்த்தான். கைப்பிடி ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டிருந்தது. கால் வைக்கிற கம்பி வளைந்து பிரேக்கை இடித்தது. கிளச்சுப் பிடி கோணிப்போயிருந்தது. முன் விளக்குக் கண்ணாடி சுக்குநூறு. அவன் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்ததைப் பார்த்தேன். இதெல்லாம் சைக்கிளிலும் உண்டு.

அப்புறம் அவன் வேலை செய்ததைப் பார்க்க வேண்டும். கைப்பிடியின் மேல் ஈரச் சாக்கைச் சுற்றி, அதன்மேல் ஒரு கனத்த குழாயைச் செருகி, ஒரு காலைப் புளியமரத்தில் உதைத்துக்கொண்டு இழுத்தான். கம்பி முனகிக்கொண்டே நேரானது. கால் கம்பியைக் கழற்றி, கல்லின் மேல் வைத்துச் சுத்தியலால் தட்டினான். அவசரம் இல்லாத தட்டு, ஒவ்வொரு தட்டுக்கும் கண்ணருகே வைத்துப் பார்த்தான். கிளச்சுப் பிடியைத் திருகி எடுத்து நிமிர்த்தி, பிரேக் கம்பிக்குப் போடுகிற திருகாணியை வைத்து முடுக்கினான். உடைந்த கண்ணாடிச் சில்லுகளை ஒன்றுவிடாமல் பொறுக்கினான். நாகப்பன் ஒவ்வொன்றுக்கும் பின்னால் திரும்பி விளக்கம் சொன்னார். "பாத்தியா, இப்ப அவன் இஞ்சினுக்குக் காத்து விடறான்" என்றார் ஒரு தடவை. வேம்புலி அப்போது நெற்றி வேர்வையைத்தான் துடைத்துக்கொண்டிருந்தான்.

இதற்கிடையில் வடிவு சோற்றுத் தூக்கோடு வந்துவிட்டாள். கூட்டத்தைப் பார்த்து, விஷயத்தைக் கேட்டு, கடைப் படியில் ஓரமாக நின்றாள். வேம்புலி அவளைப் பார்த்தான். அதற்கப்புறம் முடுக்கின திருகாணியையே மறுபடி முடுக்கினான்.

மணி இரண்டரை. வெளிக்காயம் எல்லாம் ஆறிவிட்டது. வண்டி பார்க்க முழு வண்டியாக நின்றது. கூட்டம் கைதட்டியது. ஜோசப்ராஜ் மிதியை உதைத்தார்.

கிர்ர் என்றது. அவ்வளவுதான்.

மறுபடி உதைத்தார். பத்துத் தடவை, இருபது தடவை. தொப்பியைக் கழற்றிவிட்டு உதைத்தார். கிர்ர். வேம்புலி உதைத்தான். வண்டியே குதித்தது, இஞ்சின் மட்டும் பேசவில்லை. பெட்ரோல் வாசனை குப்பென்று அடித்தது.

ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கச் சொன்னார் ஒருவர். நிழலில் நின்றதால் குளிர்ந்துவிட்டது, வெயிலில் காயவைக்க வேண்டும் என்றார் இன்னொருவர். அங்கம்மா, "கொயந்தைக்குப் பால் பொரையேறுனா முதுவுல தட்டுவோம். அத மாரி தட்டிப் பாரு நைனா" என்றாள். யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னதுதான் உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருந்தது. ஆனால் மோட்டார் சைக்கிளுக்கு முதுகு எங்கே இருக்கிறது?

"இஞ்சினத் தொறந்துடு மாப்ளே" என்றார் நாகப்பன். "உள்ள இன்னா கீதுன்னு நாங்களும் பாக்கறோம்."

"திறக்கணும்னா திறங்க" என்றார் ஜோசப்ராஜ். அவர் கண் சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தது. "நீங்க கம்பெனி ஆளாமே. உங்களுக்குத் தெரியாததா?"

வேம்புலி ஸ்பேனரை எடுத்தான். இஞ்சின் பக்கத்தில் குந்தினான். ஸ்பேனரை ஒரு மரையில் வைத்தான். அவன் திறந்துவிட்டால் மானம் பிழைக்கும். பெரிய கோளாறு, நாள் ஆகும், பட்டணத்துக்கு அனுப்ப வேண்டும் என்று என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம், யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் சாமியாரின் வண்டி ஒரு கூடை இரும்பாகிவிடும். ஞானத்தகப்பன் இல்லாமல் ஆவடியில் குழந்தைக்கு ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றுவார்கள். பலகையில் அந்த வரியை எழுதிய நான் மை டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வேம்புலி ஸ்பேனரைக் கீழே வைத்தான். எழுந்து நின்றான்.

"சார், இத நான் தொறந்தா மூட மாட்டேன்" என்றான். "எனக்குத் தெரியாது. நான் மெக்கானிக் இல்ல. மவுண்ட் ரோட்டுல மூணு வருசம் நான் பாத்த வேல வண்டி தள்ற வேல. ஸ்டார்ட் ஆவாத வண்டியெல்லாம் கம்பெனிக்கு வரும். ஷெட்டுக்குள்ள தள்ளணும், வெளிய தள்ளணும், ரோட்டுல தள்ளி ஓடவெக்கணும். ஒரு நாளிக்கு முப்பது வண்டி. ஸ்பேனர ஒரு நாளும் தொட்டதில்ல."

வேம்புலி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். படிப் பக்கம் அவன் திரும்பவே இல்லை. இவ்வளவு பெரிய உடம்பு அவ்வளவு சின்னதாகி நான் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, சொன்னால் என்ன?

ஜோசப்ராஜ்தான் முதலில் வாய் திறந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"முப்பது வண்டி தள்ளுவீங்களா? அதுல எத்தனை ஓடும்?"

வேம்புலி தலை நிமிர்ந்தான். "இருவத்தஞ்சு ஓடும் சார்."

"அப்போ தள்ளுங்களேன்!"

வேம்புலி வண்டியை மறுபடி சுற்றி வந்தான். இந்தத் தடவை அவன் நடையே வேறு. பெட்ரோல் வாசனையை மூக்கால் இழுத்தான். "படுத்துக் கெடந்ததுல பெட்ரோல் உள்ள ரொம்பி மூச்சு முட்டிகினு கீது. உதச்சா இன்னும் ரொம்பும். சார், பெட்ரோல மூடுங்க. ரெண்டாவது கியரு போடுங்க. கிளச்ச இறுக்கிப் புடிங்க. பெட்டியக் கட்டுங்க, ஓடிச்சின்னா நிறுத்தக் கூடாது, அப்புடியே ஆவடி ரோட்டப் புடிச்சிடணும். நான் உடுன்னா கிளச்ச உடுங்க. அதுக்கு முன்னாடி உட்டீங்க, விழுந்துடுவீங்க."

மூன்று வருஷம் தினம் முப்பது தடவை காதில் விழுந்த வார்த்தைகள், அவனுக்கு மனப்பாடமாக இருந்தன.

அவன் பின்னால் தோளைக் கொடுத்தான். ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் நாகப்பன். அங்கம்மா புடவையைச் செருகிக்கொண்டு, "கூட கவுந்ததுக்கு நானும் ஒரு கை" என்று வந்து நின்றாள். தள்ளினோம். வண்டி மெதுவாக உருண்டது. சந்தை ஜனம் வழி விட்டது. கோழிக் கூடைகள் ஓரம் போயின. வேம்புலியின் மூச்சு என் காதில் விழுந்தது. நாகப்பன் பாதியில் விட்டுவிட்டார், நானும் பின்தங்கினேன், அங்கம்மா என்னைத் தாண்டி ஓடினாள். கடைசியில் வேம்புலி ஒருவன்தான், குனிந்த தலை நிமிராமல், காலால் ரோட்டை உதைத்துக்கொண்டு தள்ளினான்.

"உடு!"

வண்டி ஒரு தடவை குலுங்கியது. இருமியது. கன்னங்கரேலென்று புகை கக்கியது. அப்புறம் படபடபட என்று சந்தை முழுவதும் கேட்கிற மாதிரி கத்திக்கொண்டு பாய்ந்தது. "பெட்ரோலத் தொறங்க!" என்று வேம்புலி பின்னாலேயே கத்தினான். ஜோசப்ராஜ் திரும்பிப் பார்க்காமல் ஒரு கையைத் தூக்கி ஆட்டினார். ஆவடி ரோட்டில் திரும்பிப் புழுதிக்குள் மறைந்தார். நாலு மணிக்கு அரை மணி முன்னாலேயே கோயிலில் இருந்தாராம். பின்னால் எங்களுக்குக் கார்டு போட்டார். குழந்தை பெண் குழந்தை.

வேம்புலி முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு ரோட்டில் நின்றான். கூட்டம் அவனைச் சூழ்ந்தது. நாகப்பன் மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"பாத்தீங்களாய்யா! ஸ்பேனர்கூட படல! இன்னா கோளாறுன்னு மூக்காலயே கண்டுபுடிச்சான்! மெக்கானிக்னா இவன் மெக்கானிக்!"

"மாமா, நான் சொன்னது நெசம். எனக்கு ஒண்ணும் தெரியாது. தள்ளத்தான் தெரியும்."

"சரி சரி, போதும் மாப்ளே. அடக்கம் வேணுந்தான், அதுக்காக இவ்ளோவா?"

கூட்டம் சிரித்தது. வேம்புலி மூன்று தடவை உண்மையைச் சொன்னான், மூன்று தடவையும் அவன் பெருமைதான் ஏறியது. குத்தம்பாக்கம் போய்ச் சேருவதற்குள் நாகப்பன் அந்தக் கதையில் இன்னும் இரண்டு மோட்டார் சைக்கிள்களைச் சேர்த்திருப்பார், அவரை எனக்குத் தெரியும்.

கூட்டம் கலைந்தது. நானும் வேம்புலியும் கடைக்கு வந்தோம். வடிவு படியில் உட்கார்ந்திருந்தாள். தூக்கில் சோறு ஆறிப்போயிருந்தது. இரண்டு இலை போட்டுப் பரிமாறினாள். வேம்புலி சோற்றைப் பிசைந்தான், வாயில் வைக்கவில்லை.

"நீ சொன்னது நெசமா?" என்று கேட்டாள்.

"நெசம்" என்றான். "உன்ன ஏமாத்திட்டேன்."

எழுந்து போய்விடலாமா என்று நினைத்தேன். ஆனால் இலையில் சோறு இருந்தது.

வடிவு அவன் கைகளைப் பார்த்தாள். புரட்டி உள்ளங்கையைப் பார்த்தாள். "கண்ணாலத்தன்னிக்கி எங்கப்பன் இன்னா சொல்லி அனுப்புனாரு தெரியுமா? மோட்டார் பாக்கற கை, ஒரு வெரலு சுளுக்குனாலும் பொழப்பு போச்சு, கனமா எதையும் தூக்க உடாதேன்னாரு. ஆறு வருசமா ஊரு கெணத்துல இருந்து நாந்தான் தண்ணி எடுக்கிறேன். அரிசி மூட்டைய நாந்தான் இழுக்கறேன். வெறகு நான் பொளக்கறேன். ஏழு மாச வயித்தோட ரெண்டு கொடம் தூக்குனேன். நீ எயுந்து வந்தப்பகூட, உன் கை பத்திரம், உக்காருன்னு சொன்னேன். மொத்த ஊரு வண்டியயும் தள்ளுன கையி இது!"

வேம்புலி அந்தக் கையை மடக்கிக்கொண்டான். நான் இலையைப் பார்த்துக்கொண்டேன். அவன் பயந்ததெல்லாம் அவள் முகம் மாறுவதைப் பற்றித்தான். அவள் தோளில் ஏறிய பாரத்தை அவனும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. ஒரு முழம் காலிப் பலகையில் நான் தீட்டிய சிவப்பு மை இவ்வளவு குடம் தண்ணீர் இழுக்கும் என்று யாருக்குத் தெரியும்?

வடிவு சட்டென்று சிரித்துவிட்டாள். முதலில் கண்ணில் தண்ணீர் வந்தது, அப்புறம் சிரிப்பு. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். வேம்புலி அவளைப் பார்த்துப் பயந்தே போனான்.

"சாப்பிடு" என்றாள். "சாப்டுட்டு எயுந்திரு. கொடம் ரெண்டும் காலியா கீது."

அவன் சாப்பிட்டான். நாலு பேர் சோற்றைச் சாப்பிட்டான். பிறகு வீட்டுக்குள் போய், இரண்டு பித்தளைக் குடங்களைத் தூக்கித் தோளுக்கு ஒன்றாக வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினான். ஆம்பிளை தண்ணீர் எடுக்கப் போவதைப் பார்த்துக் கிணற்றடிப் பெண்கள் கேலி செய்தார்கள். அவனும் சேர்ந்து சிரித்தான். அந்தச் சிரிப்பு சந்தை வரைக்கும் கேட்டது.

வடிவு அவனுக்கு முன்னால் வழி காட்டிக்கொண்டு போனாள். ஆறு வருஷத்தில் அந்தத் தெருவில் அவள் குடம் இல்லாமல் நடந்தது அன்றைக்குத்தான். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. இடுப்பில் வைத்தாள், எடுத்தாள், முந்தானையைப் பிடித்தாள், விட்டாள். கடைசியில் இரண்டையும் வீசிக்கொண்டு நடந்தாள்.